பேட்டரி மெஷினா, வயர் மெஷினா: மலையில் வேலை செய்கிறவன் கணக்கு

போன ஜனவரியில் ஊட்டிக்கு அடுத்த தலைகுந்தா பக்கம் ஒரு கூரை வேலை. சாயங்காலம் சாமான்களை ஷெட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் உப்பு தூவினதுபோல் உறைபனி. பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினேன். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்ததே தவிர சார்ஜ் ஏறவில்லை. வெயில் வந்து, ஒன்பது மணிக்கு மேல்தான் ஏற ஆரம்பித்தது. அதே பேட்டரி பன்னிரண்டு மணிக்கு, கிரைண்டரில் இரும்பு ஆங்கிளை வெட்டிக்கொண்டிருக்கும்போது பொட்டென்று நின்றது. பட்டனை அமுக்கிப் பார்த்தால் மூன்று புள்ளியில் இரண்டு எரிகிறது. சார்ஜ் இருக்கிறது, ஆனால் ஓட மாட்டேன் என்கிறது. காலையில் குளிர் என்று மறுத்த சாமான் மத்தியானம் சூடு என்று மறுத்தது.

என் அக்கா மகன் கோத்தகிரியில் தனியாக வேலை எடுத்துச் செய்யப்போகிறான். கிச்சன் கப்போர்டு, காட்டேஜ்களுக்கு மரத்தளம், லைன் வீடுகளுக்குத் தகரக் கூரை, இதெல்லாம்தான் வேலை. "மாமா, டிரில், கிரைண்டர், ரம்பம் எல்லாத்தையும் பேட்டரியிலயே வாங்கிடலாம்னு இருக்கேன். ஒரே பேட்டரிய எல்லா மெஷினுக்கும் மாட்டிக்கலாம், வயரே வேண்டாம்" என்றான். கடையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். வீடியோ பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் மரவேலையும் கூரை வேலையும் செய்கிறேன். பேட்டரியையும் கெடுத்திருக்கிறேன், வயர் மெஷினின் காயிலையும் எரித்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்சில் வைத்த விரலை எத்தனை விநாடி கழித்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்து விநாடியில் எடுத்துவிடுகிற வேலைக்குப் பேட்டரி. இரண்டு நிமிஷம் எடுக்காமல் பிடித்திருக்கிற வேலைக்கு வயர். பிராண்டு, வோல்ட், விலை எல்லாம் இதற்குப் பிறகுதான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

18 வோல்ட் பேட்டரி என்று நாம் வாங்குகிற டப்பாவைத் திறந்தால் உள்ளே டார்ச் லைட் செல் மாதிரிச் சின்னச் சின்ன லித்தியம் செல்கள் இருக்கும். 18650 என்பது அதன் பெயர்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை ஏறும், அப்போது ஐந்துக்கும் சேர்த்து 21. அதனால்தான் ஒருவர் 18 என்பதை இன்னொருவர் 20 என்கிறார், மற்றொருவர் 21 என்கிறார். டிவால்ட் கம்பெனி ஒரே பேட்டரியை அமெரிக்காவில் 20 வோல்ட் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறது. ஏமாற்று ஒன்றும் இல்லை, ஒருவர் முழுச் சார்ஜைச் சொல்கிறார், மற்றவர் ஓடும்போதுள்ள சராசரியைச் சொல்கிறார். ஆனால் ஆன்லைனில் 48, 88, 128 என்று எண் போட்டு மலிவாக வருகிறதே, அது வேறு கதை. பெரும்பாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல்தான், சமயத்தில் அதற்கும் குறைவு.

அடுத்த எண் ஏஎச், அதாவது ஆம்பியர்-அவர். 2 ஏஎச் என்றால் 2 ஆம்பியர் கரண்டை ஒரு மணி நேரம் தரும். அல்லது 30 ஆம்பியரை நாலு நிமிஷம் தரும். இந்த இரண்டாவது கணக்கைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. நாலு இஞ்ச் கிரைண்டரை இரும்பில் வைத்து அழுத்தினால் 540 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட்டுக்கு அது 30 ஆம்பியர். வீட்டில் ஒரு வாட்டர் ஹீட்டர்கூட இவ்வளவு ஆம்பியர் இழுக்காது. 2 ஏஎச் பேட்டரி நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிட வேண்டும், 4 ஏஎச் எட்டு நிமிஷத்தில்.

ஆனால் 2 ஏஎச் அந்த நாலு நிமிஷத்தையும் தராது. இங்கேதான் சூடு வருகிறது.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொஞ்சம் தடை உண்டு. நல்ல செல்லில் 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போகும்போது அந்தத் தடையில் சூடு பிறக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும், கரண்டைக் கரண்டாலேயே பெருக்க வேண்டும் என்பதால். 30 ஆம்பியருக்கு ஒரு செல்லில் 18 வாட் சூடு. 2 ஏஎச்சில் ஐந்தே செல், ஆகவே 90 வாட். ஒரு பெரிய சால்டரிங் ராடைப் பேட்டரி டப்பாவுக்குள் வைத்து மூடியதற்குச் சமம். ஒரு செல் ஐம்பது கிராம்கூட இல்லை. அந்த எடைக்கு 18 வாட் சூடு என்றால், வெளியே தப்பிக்க வழியில்லாதபோது நிமிஷத்துக்கு சுமார் 24 டிகிரி ஏறும். காலை 15 டிகிரியில் ஆரம்பித்தால் இரண்டு நிமிஷத்தில் 60 டிகிரியைத் தாண்டும். அந்த இடத்தில் உள்ளே இருக்கிற சென்சார் மெஷினை நிறுத்திவிடும். அப்போது பேட்டரியில் பாதிச் சார்ஜ் மிச்சம் இருக்கும். தலைகுந்தாவில் இரண்டு புள்ளி எரிந்துகொண்டே என் பேட்டரி நின்றதற்கு அர்த்தம் இதுதான்.

4 ஏஎச்சில் பத்து செல். இரண்டு இரண்டாகச் சேர்த்து, அந்த ஜோடிகளை ஐந்து வரிசையாகக் கோத்திருப்பார்கள். 30 ஆம்பியர் இரண்டாகப் பிரிந்து ஒரு செல்லுக்கு 15 ஆகிறது. சூடு நாலில் ஒரு பங்கு, 4.5 வாட். நிமிஷத்துக்கு ஆறு டிகிரிதான் ஏறும். எட்டு நிமிஷத்துக்கு 48 டிகிரி. அதாவது சூடாகி நிற்க வேண்டிய நேரமும் சார்ஜ் தீருகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிடுகிறது. சின்னப் பேட்டரி தீருவதற்கு முன்னால் சூடாகி நிற்கும், பெரிய பேட்டரி சூடாவதற்குள் தீர்ந்துவிடும்.

இதைச் சொன்னதும் மருமகன் கேட்டான்: "அப்ப 2 ஏஎச் ரெண்டு வாங்குறதும் 4 ஏஎச் ஒண்ணு வாங்குறதும் ஒண்ணு இல்லையா மாமா?" கிரைண்டருக்கு ஒன்றே இல்லை. இரண்டு சின்னது வாங்கினால் இரண்டுமே பாதியில் நிற்கும். டிரில்லுக்குக் கேட்டால் பதில் மாறும். கப்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கையைத் தூக்கி ஸ்க்ரூ முடுக்குகிறவனுக்குப் பெரிய பேட்டரியின் எடை தோளில் தெரியும். அங்கே சின்னது இரண்டுதான் சரி. புதிதாக 21700 என்று கொஞ்சம் குண்டான செல் வந்திருக்கிறது. அதில் ஐந்து செல்லிலேயே 4 ஏஎச் கிடைக்கிறது, உள்தடையும் குறைவு. கையில் காசு இருந்தால் அதைப் பார்க்கலாம்.

டிரில்லுக்கு ஏன் கவலை இல்லை என்பதையும் அதே கணக்கில் பார்த்துவிடலாம். சில்வர் ஓக் சட்டத்தில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்றுக்குப் பத்து விநாடி, 300 வாட் என்று வையுங்கள். 4 ஏஎச் பேட்டரிக்குள் இருப்பது 72 வாட்-அவர். எண்பது துளைக்கு மேல் போடலாம். ஐந்து செல் பேட்டரியிலேயே துளை ஒன்றுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடு ஏறும், அடுத்த துளைக்குக் குறி போட்டு நிமிர்வதற்குள் அதில் கொஞ்சம் ஆறியும் விடும். எண்பது துளை என்பது எனக்கு ஒரு நாள் வேலை. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் போதும்.

கிரைண்டருக்கு அப்படியில்லை. எட்டு நிமிஷம் ஓடித் தீர்ந்த 4 ஏஎச் பேட்டரியைச் சாதாரண 3 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் திரும்ப நிறைய 80 நிமிஷம் ஆகும். விடாமல் ஓட்ட வேண்டுமென்றால் பதினோரு பேட்டரியும் பத்து சார்ஜரும் வேண்டும். அந்த விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம்.

குளிர் நமக்கு நண்பனா

கோயம்புத்தூர்க்காரர்கள் பேட்டரி சூட்டைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் ஆட்களுக்கு ஒரு மிதப்பு வரும், நமக்கென்ன, இயற்கையே ஏசி போட்டிருக்கிறது என்று. பாதி நிஜம். சித்திரை வெயிலில் அங்கே பேட்டரி 38 டிகிரியில் வேலையை ஆரம்பிக்கிறது, இங்கே 15-இல். கிரைண்டரில் அது கூடுதலாக ஒரு நிமிஷம் தரும். ஷெட்டில் சும்மா கிடக்கிற பேட்டரிக்கும் குளிர்ச்சி நல்லது. லித்தியம் செல் முழுச் சார்ஜோடு வெப்பத்தில் கிடந்தால் சீக்கிரம் கிழடாகிவிடும். பாதிச் சார்ஜோடு, குளிர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும்.

மறுபாதிதான் ஏமாற்றுகிறது. குளிரில் செல்லின் உள்தடை கூடும். காலையில் மெஷினை எடுத்ததும் மந்தமாக இருக்கும், வோல்ட் சட்டென்று இறங்கும், சார்ஜ் இருந்தும் இல்லாததுபோல் காட்டும். அது பெரிய விஷயமில்லை, நாலு துளை போட்டால் உள்ளே தானாகச் சூடேறிச் சரியாகிவிடும். சார்ஜ் போடுவதுதான் ஆபத்து. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போக வேண்டிய கரித் தட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது, பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகப் போய்விடும். மேலும் படிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். நல்ல சார்ஜர் அதனால்தான் உறைபனிக் காலையில் சிவப்பு விளக்கைக் காட்டி மறுக்கிறது. மலிவான சார்ஜருக்கு இந்த அறிவெல்லாம் கிடையாது. மாட்டினால் ஏற்றும், நாமும் "நல்ல சார்ஜர், எப்பவும் ஏறுது" என்று சந்தோஷப்படுவோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி, தலைகுந்தா, காந்தள் பக்கம் வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கம்பெனி சார்ஜர் வாங்க வேண்டும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் உறைபனி அவ்வளவு இல்லை.

சார்ஜர் மறுத்ததும் எங்கள் பையன் ஒருவன் என்ன செய்தான் தெரியுமா? கணப்பு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டான். அதைச் செய்யாதீர்கள். குளிர்ந்த டப்பா சூடான அறைக்கு வந்தால், கண்ணாடி போட்டவர் டீக்கடைக்குள் நுழைந்ததுபோல் அதன் மேல் தண்ணீர் பூத்துவிடும். டெர்மினலில் பூத்த தண்ணீர் துரு பிடிக்க வைக்கும். ராத்திரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவதுதான் வழி. அவசரத்துக்கு ஜெர்கினுக்குள் அரை மணி நேரம் வைத்திருந்தால் போதும், உடம்புச் சூடே வேண்டிய அளவுக்குச் சூடேற்றும்.

இன்னொரு ஏமாற்று கைக்கு நேர்வது. மலைக்காற்றில் டப்பாவின் வெளிப் பிளாஸ்டிக் சில்லென்று இருக்கும், உள்ளே செல் 55 டிகிரியில் இருக்கும். தொட்டுப் பார்த்து "ஆறிருச்சு" என்று சார்ஜரில் போடுவார்கள். செல் 45 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பெரும்பாலான சார்ஜர்கள் காத்திருக்கும். மகிட்டாவின் சில சார்ஜர்களில் சின்ன ஃபேன் இருக்கிறது, பேட்டரிக்குள்ளேயே காற்றை ஊதி ஆற்றும். ஒரு நாளைக்கு மூன்று முறை சார்ஜ் போடுகிறவனுக்கு அந்த ஃபேன் பெரிய உதவி. சீக்கிரம் ஆறட்டும் என்று ஈரத்துணி சுற்றுவது, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைப்பது எல்லாம் வேண்டாம்.

வயர் மெஷினும் சூடாகும்

வயர் மெஷினுக்குத் தீர்ந்துபோகிற கவலை இல்லை. கரண்ட் இருக்கும்வரை ஓடும். ஆனால் நம் மலையில் அந்தக் "கரண்ட் இருக்கும்வரை" என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பைக்காராவில் 1932-லேயே தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது, பிறகு குந்தா வந்தது. இங்கே எடுத்து கீழே சமவெளிக்கு அனுப்புகிறோம். ஆனால் தோட்டத்துக் கடைசி லைனில் இருக்கும் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மீட்டரை வைத்தால் 190 வோல்ட்தான் காட்டுகிறது. மழைக்காலத்தில் கற்பூரமரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் அதுவும் இல்லை.

230-இல் ஓட வேண்டிய மோட்டாருக்கு 190 வந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். வேகம் குறையும். நாம் என்ன செய்வோம்? இன்னும் அழுத்துவோம். அழுத்தினால் கரண்ட் கூடும், சூடு கூடும். மோட்டாரை ஆற்றுகிற ஃபேன் அதே மோட்டார் தண்டில்தான் இருக்கிறது, வேகம் குறைந்தால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு கூடி, காற்றும் குறைந்தால் ஆர்மேச்சரில், அதாவது உள்ளே சுழலும் காயிலில், வார்னிஷ் வாசனை வரும். அந்த வாசனை வந்த பிறகு மெஷினை நிறுத்தினாலும் பாதிக் கதை முடிந்திருக்கும். என் முதல் கிரைண்டர் அப்படித்தான் போனது. மெஷினைத் திட்டிக்கொண்டே ரீவைண்டிங்குக்கு எடுத்துப்போனேன். மெஷின் மேல் தப்பே இல்லை.

உயரமும் ஒரு விஷயம்தான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். காற்று மெலிந்தால் ஃபேன் எடுத்துப்போகிற சூடும் குறையும். மோட்டார்களுக்கான சர்வதேசத் தரம் 1,000 மீட்டர் உயரத்தையும் 40 டிகிரி வெப்பத்தையும் எல்லையாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் 40 டிகிரி எங்கே வருகிறது? காற்று மெலிந்ததில் போனதைக் குளிர் ஈடுகட்டிவிடுகிறது.

ஈடுகட்ட முடியாதது மெல்லிய வயர். நம் ஆட்கள் மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கிடைத்த வயரைப் போடுவார்கள். மலை வீட்டில் மீட்டர் ரோட்டு மட்டத்தில் இருக்கும், வேலை முப்பது படி கீழே இருக்கும். 50 மீட்டர் வயர் சர்வ சாதாரணம். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் 50 மீட்டர் போய்த் திரும்பினால் தடை கிட்டத்தட்ட 2 ஓம். பத்து ஆம்பியர் இழுக்கிற பதினாலு இஞ்ச் இரும்புக் கட்டிங் மெஷினை அதில் மாட்டினால் வயரிலேயே 20 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே 190. மெஷினுக்குப் போய்ச் சேர்வது 170. அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 8 வோல்ட்தான் போகும். டிரம்மில் சுற்றிய வயரை முழுக்க இழுத்து விட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் வயர் தன் சூட்டிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும், இதுவும் பார்த்தாயிற்று.

வயருக்கு நம் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. கட்டபெட்டு பக்கம் ஒரு வீட்டில் முற்றத்தின் குறுக்கே வயரைப் போட்டுவிட்டு உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தோம். தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை இரண்டு அவசரமே இல்லாமல் இறங்கி வந்தன. ஒன்றின் காலில் வயர் மாட்டி, ஜங்ஷன் பாக்ஸோடு பத்தடி இழுத்துக்கொண்டு போயிற்று. பிளக் தானாகக் கழன்றதால் அதுவும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். மருமகனிடம் இதைச் சொன்னபோது, கணக்கையெல்லாம் விட்டுவிட்டு இதற்குத்தான் அதிகம் தலையாட்டினான்.

ஈரத்தைப் பற்றித் தமாஷ் கிடையாது. மஞ்சு இறங்கி, தரை நசநசவென்று இருக்கிற நாளில் தகரக் கூரை மேல் ஏறி வயர் மெஷின் ஓட்டுவதை நான் விட்டுவிட்டேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்திவிடுகிற ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீட்டில் வெளிவேலைக்கு வயர் மெஷினை எடுப்பதே இல்லை. சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை உள்ள மெஷினுக்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் காப்பு மெஷினுக்குத்தான். ஈரத்தில் கிடக்கிற ஜாயின்ட்டுக்கும் வெட்டுப்பட்ட வயருக்கும் இல்லை. கூரை மேலே பேட்டரிதான், சூடாகி நின்றாலும் பரவாயில்லை.

கல் சுவர்

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, பழைய தேயிலைத் தொழிற்சாலை, தடுப்புச் சுவர் என்று எங்கே ஆணி அடிக்கப்போனாலும் நம் மலையில் கருங்கல்தான் எதிரே நிற்கும். சார்னோகைட் என்று இதற்குப் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் என்பவருக்குக் கல்கத்தாவில் இருக்கிற கல்லறையின் கல்லை வைத்து வந்த பெயர். அந்தக் கல்லும் மெட்ராஸ் பக்கத்திலிருந்து போனதுதான் என்பார்கள். செங்கல் சுவரில் வெண்ணெய்போல் இறங்குகிற சாதாரண இம்பாக்ட் டிரில் இதில் பிட்டைத்தான் மழுக்கும். உள்ளே காற்றழுத்தத்தில் பிஸ்டன் அடிக்கிற ஹேமர் டிரில் வேண்டும். அலமாரிக்கு நாலு துளை என்றால் பேட்டரி ஹேமர் போதும். ஹேண்ட்ரெயிலுக்கு நாற்பது துளை என்றால் 800 வாட் வயர் ஹேமர்தான். துளை ஒவ்வொன்றும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று விரலை எடுக்க விடாத வேலை அது. ரம்பமும் அப்படித்தான். காய்ந்த கற்பூரமரத்தில் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி தூரத்தில் மரம் பிளேடை இறுக்கிப் பிடிக்கும். பேட்டரி ரம்பம் அங்கே டக்கென்று நின்றுவிடும். பிளைவுட் அறுப்பதற்கு மட்டும் என்றால் பேட்டரி ரம்பம் நன்றாகவே செய்யும்.

செயின் சாவும் இப்போது பேட்டரியில் வருகிறது. நான் வைத்திருக்கவில்லை, ஆகவே சொல்லப்போவதில்லை. மலையில் மரம் வெட்ட 1955-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மருமகனுக்கு நினைவுபடுத்தினேன்.

காசும் ரிப்பேரும்

ஒரு நல்ல 4 ஏஎச் பேட்டரியின் விலையில் ஒரு சாதாரண வயர் டிரில்லே வாங்கிவிடலாம். வயர் மெஷினில் தேய்கிற சாமான் கார்பன் பிரஷ், அது டீச் செலவுக்கு வரும், நாமே மாற்றலாம். காயில் போனால் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ கட்டிக்கொண்டு வரலாம். என் வயர் பிளானர் ஒன்று பதினாலு வருஷமாக ஓடுகிறது. பேட்டரியை நாலைந்து வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பிரஷ்லெஸ் மோட்டார் உள்ள பேட்டரி மெஷினில் கார்பன் தேய்வு இல்லை, அதே சார்ஜில் கூடுதல் நேரமும் ஓடும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிற போர்டு போனால் நம் ஊரில் யாரும் தொடுவதில்லை. மலையிறங்க வேண்டும், சீசனில் ஒருவழிப் பாதை போட்டுவிட்டால் அதற்கே ஒரு நாள்.

மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் போட்டுவைத்த பேட்டரி சில சமயம் செத்ததுபோல் கிடக்கும், சார்ஜர் ஏற்றாது. இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து "எழுப்புகிற" வித்தையைச் சில கடைகளில் செய்கிறார்கள். செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே வெகுநாள் கிடந்திருந்தால் உள்ளே ஏற்கெனவே கெட்டிருக்கும். எழுப்பினால் எழும், பிறகு எப்போது தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதி வரை சார்ஜ் போட்டு வைத்தால் இந்த வேலையே வராது.

டூப்ளிகேட் பேட்டரியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல கருவி மளிகைக் கடைத் தராசு. பத்து செல் என்றால் செல் எடையே 450 கிராம் வரும். டப்பா, போர்டு எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கீழே வரவே வராது. "6 ஏஎச், பத்து செல்" என்று ஒட்டிய ஒரு பேட்டரியை நானே ஏமாந்து வாங்கி, பிறகு தராசில் வைத்தேன். 380 கிராம்! உள்ளே ஐந்து செல்தான். கிரைண்டரில் அது ஒன்றரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

மருமகன் கடைசியில் வாங்கியது இதுதான். பேட்டரியில் ஒரு டிரில்லும் ஒரு இம்பாக்ட் டிரைவரும், ஒரே கம்பெனி, 2 ஏஎச் இரண்டு, 4 ஏஎச் ஒன்று, கம்பெனி சார்ஜர். வயரில் ஏழு இஞ்ச் ரம்பம், ஹேமர் டிரில். 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வயர் 40 மீட்டர், கூடவே ஆர்சிசிபி வைத்த பாக்ஸ். வயர் விலையைப் பார்த்து முகம் சுளித்தான், நான் விடவில்லை. கிரைண்டரில்தான் இழுபறி. கூரை வேலைக்குப் பேட்டரி கிரைண்டர் வேண்டும் என்கிறான். கூரை மேல் ஒரு ஷீட்டின் ஓரத்தை வெட்ட அரை நிமிஷம்தான், அதற்கு 4 ஏஎச் போதும் என்பதால் நானும் மறுக்க முடியவில்லை. ஆனால் கீழே பட்டறையில் ஆங்கிள் வெட்டவும் அதையே எடுப்பான், எனக்குத் தெரியும். இப்போதைக்கு என் பழைய வயர் கிரைண்டரைக் கொடுத்திருக்கிறேன். கார்பன் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது.